ஏழு எங்கே உட்காரும்?

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். நாளிதழை நான்காக மடித்து, சுடோகு மட்டும் மேலே தெரியும்படி சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார் அம்மா. பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. பக்கத்தில் மூடி போட்ட பேனா. காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

“முடிச்சாச்சாம்மா?”

“இல்ல. சனிக்கிழமை போடுறது எனக்கு வராது.”

வாரநாள் சுடோகுவை அம்மா பேனாவிலேயே போட்டு முடிப்பார். அடித்துத் திருத்திய தடம்கூட இருக்காது. பத்து ஆண்டுப் பழக்கம். சனிக்கிழமை வரும் கடினமான ஒன்றைத்தான் பாதியில் விட்டுவிடுவார். எங்கள் வீட்டில் அது புதிதல்ல. அடுத்து அவர் சொன்னதுதான் புதிது.

“உங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான்டி ஆரம்பிச்சுச்சு.”

பெரியம்மாவுக்கு மூன்று ஆண்டுகளாக மறதிநோய். இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் அம்மாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நான் “சும்மா இருங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். நல்ல பதில் இல்லை, தெரியும். தலையில் தண்ணீர் விழும்போதுதான் ஒன்று உறைத்தது. எனக்கு 36 வயது. நானும் இரண்டு ஆண்டுகளாக அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

நான் ஆடுவது கைப்பேசியில். ஈசூனில் ரயில் ஏறினால் பிஷானில் மாறுவதற்குள் நடுத்தர நிலையில் ஒன்றை முடித்துவிடலாம். செயலி எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் என் சராசரி நேரம் 25 நிமிடத்திலிருந்து 11 நிமிடத்துக்கு இறங்கியது. எனக்கு ஒரே பெருமை. அதற்குப் பிறகு ஈராண்டு ஓடிவிட்டது, இன்னமும் 11தான். கடின நிலையைத் தொட்டால் பாதி வரை விறுவிறுவென்று போகும். அப்புறம் சுவரில் முட்டியது போல் நிற்கும்.

புவியியல் பாடத்தில் படித்த பீடபூமி ஞாபகம் இருக்கிறதா? சரிவில் ஏறி முடித்ததும் வரும் சமதரை. கற்றலை ஆராய்கிறவர்கள் இந்த நிலைக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வளைகோடு ஏறிக்கொண்டே வந்து, திடீரென்று படுத்துவிடும்.

அப்படிப் படுத்துவிட்டால் எல்லாரும் சொல்லும் மருந்து, இன்னும் நிறைய ஆடு என்பது. நானும் ஆடினேன். செயலியின் கணக்குப்படி ஆயிரத்தைத் தாண்டிவிட்டேன். பலன் ஏன் இல்லை என்று யோசித்தால் விடை வெட்கப்படும் அளவுக்கு எளிது. நடுத்தர நிலைப் புதிர் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததை மட்டுமே கேட்கிறது. கடின நிலை தெரியாத ஒன்றைக் கேட்கிறது. அங்கே நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊகித்தேன். ஒரு கட்டத்தில் 3 அல்லது 8 என்று வந்தால் 3 போட்டுப் பார்ப்பேன். தப்பென்றால் செயலி சிவப்பில் காட்டும். உடனே 8. ஒரு ஆட்டத்துக்கு மூன்று தவறு வரை மன்னிப்பு உண்டு. அந்த மூன்று மன்னிப்பையும் நான் ஒரு உத்தியாகவே வைத்திருந்தேன். புதிர் முடிந்துவிடும், செயலி வாணவேடிக்கை காட்டும், ஆனால் எதுவும் கற்றிருக்கமாட்டேன்.

சுடோகு ஊகிப்பதற்கான ஆட்டமே இல்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் உருவாக்கிய புதிர் இது. 1979இல் டெல் புதிர் இதழில் வந்தது. 1984இல் ஜப்பானின் நிக்கோலி பதிப்பகம் எடுத்துக்கொண்டது. எண்கள் தனிக்கட்டையாகவே இருக்கவேண்டும் என்ற பொருளில் அங்கே ஒரு நீண்ட பெயர் வைத்து, அதைச் சுருக்கிச் சுடோகு ஆக்கினார்கள். ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வேய்ன் கூல்ட் என்பவர் இதற்கு ஒரு கணினி நிரல் எழுதி, 2004 நவம்பரில் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் இடம்பிடித்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இத்தனை கை மாறியும் விதி மாறவில்லை. ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நெடுவரிசையிலும், மூன்றுக்கு மூன்று பெட்டி ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை ஒரு முறை. ஒழுங்காக அமைத்த புதிருக்கு விடை ஒன்றே ஒன்றுதான்.

முதலில் கொடுக்கும் எண்கள் குறைந்தால் புதிர் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரே விடை வரவேண்டுமானால் குறைந்தது 17 எண்களாவது கொடுத்தாக வேண்டும் என்று 2012இல் டப்ளினில் கேரி மெக்குவயரின் குழு கணினியை வைத்து நிறுவியது. 17 எண் மட்டுமே உள்ள புதிர்களில் சில சுலபமாக அவிழும். 25க்கு மேல் எண் கொடுத்த சில புதிர்கள் மண்டையை உடைக்கும். அதை அவிழ்க்க எந்த வகையான பார்வை தேவைப்படுகிறது என்பதில்தான் கடினம் இருக்கிறது. அந்தப் பார்வை உங்களிடம் இல்லையென்றால் கட்டத்தை ஒரு மணி நேரம் முறைத்தாலும் அது வாய் திறக்காது.

ஊகத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்கமுடியாது. 2015இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், தாம் கடைசியாக எழுதிய கணினி நிரல் சுடோகுவை அவிழ்ப்பதற்கானது என்று ஒரு கூட்டத்தில் சொன்னார். மே மாதம் அந்த நிரலையே ஃபேஸ்புக்கில் எல்லாரும் பார்க்கும்படி போட்டார். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியது. உலகம் முழுக்க நிரலாளர்கள் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். அது ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை வைத்துப் பார்க்கும், மேலே போகும், எங்காவது முட்டினால் பின்வாங்கி வேறு எண்ணை வைக்கும். கணினிக்கு அது சரிப்படும். வந்த வழியை மறக்காது, களைக்காது, கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் முறை பின்வாங்கும். அங் மோ கியோவில் ஏறிய கூட்டத்துக்கு நடுவே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்குச் சரிப்படாது. ஆறாவது படியில் தப்பு தெரிந்தால் எங்கே ஊகித்தேன் என்பதே மறந்திருக்கும்.

ஆக, தேக்கம் என்னுடையதும்தான். அது வயதால் வந்ததா, வழியால் வந்ததா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி 120 ஆண்டுக்கும் மேல் பழையது. வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி இயக்குநர்களை ஆராய்ந்து 1897இலும் 1899இலும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். (அதுவும் இந்தியானாவில்தான். அந்த மாநிலத்துத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.) தந்தி கற்கிறவர்களின் வேகத்தை வாராவாரம் அளந்தார்கள். அனுப்பும் வேகம் சீராக ஏறியது. வரும் தந்தியைக் காதால் கேட்டு எழுதும் வேகம் ஏறியது, பிறகு வாரக்கணக்கில் அப்படியே நின்றது, பிறகு மறுபடி ஏறியது. நின்ற இடத்தில் மனம் வெறுத்து விட்டுப்போனவர்கள் பலர். அவர்கள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. தொடக்கத்தில் காது ஒவ்வோர் எழுத்தாகப் பிடிக்கிறது. அதில் எவ்வளவு தேறினாலும் ஓர் எல்லைதான். எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லாகக் கேட்கத் தொடங்கும்போதுதான் அடுத்த ஏற்றம். அதன் பிறகு சொற்றொடராக.

1958இல் ஃபிரெட் கெல்லர் என்ற உளவியலாளர் இதை மறுத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைவீரர்களுக்கு மோர்ஸ் குறியீடு கற்பிக்கும் முறையை வகுத்தவர் அவர். அந்தச் சமதரை ஒரு மாயத்தோற்றம், கற்கும் எல்லாருக்கும் வந்தே தீரவேண்டிய ஒன்றல்ல என்று எழுதினார். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அம்மாவிடம் சொல்வதற்கு இரண்டுமே உதவின. தேக்கம் வந்தால் மூளை முடிந்துவிட்டது என்று இரு தரப்புமே சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் ஒரே புதிரை இரண்டு தாளில் நகல் எடுத்து, எதிரெதிரே உட்கார்ந்து ஆடினோம். போட்டிக்காக இல்லை. வாயால் சொல்லிக்கொண்டே ஆடவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

அப்போதுதான் தெரிந்தது, நாங்கள் இருவரும் ஒரே ஆட்டத்தை ஆடவேயில்லை.

அம்மா எண்ணைப் பிடித்துக்கொள்கிறார். “ஏழு. இந்தப் பெட்டியில ஏழு எங்க உக்காரும்? மேல் வரிசையில ஏற்கெனவே ஏழு இருக்கு. நடு வரிசையிலயும் இருக்கு. அப்ப கீழதான்.” இப்படியே ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாக. எதையும் குறித்துக்கொள்வதில்லை, கண்ணும் நினைவும்தான். நான் கட்டத்தைப் பிடித்துக்கொள்கிறேன். இந்தக் கட்டத்தில் யார் யார் உட்காரலாம்? 1, 4, 9. எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக எழுதிவைக்கிறேன். செயலியில் அதையும் நான் எழுதுவதில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடும்.

அம்மா நிற்பது நினைவு போதாமல் போகும் இடத்தில். “ஏழு இங்கே அல்லது அங்கே” என்று ஒரு பெட்டியில் வந்தால் அதைத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போகவேண்டும். மூன்று நான்கு சேர்ந்துவிட்டால் முதலில் வைத்தது நழுவிவிடும். 66 வயதில் மட்டுமில்லை, எந்த வயதிலும் நழுவும். நான் நிற்பது நேர் எதிரான இடத்தில். என் கட்டங்களில் எறும்புப் புற்று மாதிரி எண்கள். எல்லாம் கண்முன் இருக்கிறது, எதுவும் தெரியவில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று தேடியபோது கிடைத்தது. தாமஸ் ஸ்னைடர் என்ற அமெரிக்கர் மூன்று முறை உலகச் சுடோகு வெற்றியாளர். அதில் ஒன்று 2008இல் இந்தியாவின் கோவாவில் வென்றது. குறிப்பு எழுத அவர் பெயரால் ஒரு முறை இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்குச் சரியாக இரண்டே இடம்தான் என்றால் மட்டும் அந்த இரண்டு கட்டத்தின் ஓரத்திலும் அதைச் சின்னதாகக் குறி. மூன்று இடம் இருந்தால் குறிக்காதே. அவ்வளவுதான். அம்மாவின் கேள்வி அப்படியே இருக்கிறது. என் பென்சிலும் இருக்கிறது. ஆனால் எறும்புகள் இல்லை.

பென்சில்தான் பிரச்சினை ஆயிற்று.

“பென்சில்ல எழுதினா தோத்த மாதிரி” என்றார் அம்மா. பத்து ஆண்டு பேனாவில் போட்டவருக்கு அது மானப் பிரச்சினை. அதைவிடப் பெரியது, முதல் இரண்டு வாரம் அவர் வேகம் குறைந்துவிட்டது. கால் மணியில் முடிக்கிற செவ்வாய்க்கிழமைப் புதிருக்கு முக்கால் மணி நேரம். “இருந்ததும் போச்சு” என்று என்மேல் கோபம். இரண்டு நாள் என்னிடம் சுடோகுவைப் பற்றிப் பேசவேயில்லை. எனக்கும் அதே கதிதான். செயலியில் தவறு காட்டும் வசதியையும் குறிப்பு நிரப்பும் வசதியையும் அணைத்துவிட்டேன். சராசரி 11லிருந்து 19க்கு ஏறியது. மூன்று மாதத்தில் சம்பாதித்ததை ஒரே வாரத்தில் தொலைத்த உணர்வு.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் பழைய வழிக்கே திரும்புகிறோம் என்று நினைக்கிறேன். பழைய வழி ஒன்றும் மோசமில்லை, அது இதுவரை வேலை செய்திருக்கிறது. அதனால்தான் விட மனம் வருவதில்லை. முழுக்கத் தோற்றுப்போன வழியை எவரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு மாலை. பெட்டி ஒன்றில் 2க்கு இரண்டே கட்டம். 5க்கும் அதே இரண்டு கட்டம். எது எங்கே என்று தெரியாது. தெரியாதென்றால் அதனால் என்ன பயன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்:

“கல்யாண மண்டபத்துல முன் வரிசையில ரெண்டு நாற்காலி. மாமாவும் சித்தப்பாவும் அதுலதான் உக்காருவாங்க. யாரு எதுலன்னு நமக்குத் தெரியாது. ஆனா வேற யாரும் அங்க உக்கார முடியாதுல்ல?”

ஆமாம். அந்த இரண்டு கட்டமும் பதிவாகிவிட்டன. அதே பெட்டியில் 8க்கு மூன்று இடம் இருந்தது, அதில் இரண்டு இந்த நாற்காலிகள். மிச்சம் ஒன்று. எட்டு உட்கார்ந்தது. அதைத் தொடர்ந்து மளமளவென்று ஆறு கட்டம். விடை தெரியாத ஒன்றிலிருந்து இன்னொன்றின் விடை வந்துவிட்டது. அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுவந்த காதுக்குத் திடீரென்று ஒரு சொல் விழுந்தது இப்படித்தான் இருந்திருக்கும்.

இதற்கு அடுத்ததை அவரே கண்டுபிடித்தார். ஒரு பெட்டியில் ஏழுக்கு இரண்டு இடம், இரண்டும் ஒரே வரிசையில். எந்த இடமானாலும் அந்த வரிசையின் ஏழு இந்தப் பெட்டிக்குள்தான். அப்படியானால் பக்கத்துப் பெட்டிகளில் அந்த வரிசையில் ஏழைத் தேடவே வேண்டாம். இந்த உத்திகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயர் இருக்கிறது. அம்மா இதற்கு வைத்த பெயர் ‘ஒரே தளம்’. எந்த வீடு என்று தெரியாது, ஆனால் எந்த மாடி என்று தெரியும். எனக்கு ஆங்கிலப் பெயரைவிட இது பிடித்திருக்கிறது.

எங்களுக்கு உதவிய இன்னொன்று என் வேலையிலிருந்து வந்தது. வானொலியில் சேர்ந்த நான்காம் ஆண்டு நானும் ஒரு தேக்கத்தில் இருந்தேன். ஒலிவாங்கி முன் பயம் போய்விட்டது, தடுமாற்றம் இல்லை, முன்னேற்றமும் இல்லை. தயாரிப்பாளர் ஒரு நாள் என் நிகழ்ச்சியின் பதிவைக் கையில் கொடுத்து, முழுக்கக் கேள் என்றார். அரை மணி நேரத்தில் நான் 19 முறை “அருமை” என்று சொல்லியிருந்தேன். நேயர் ஒருவர் தன் வீட்டில் குழாய் உடைந்துவிட்டது என்றதற்கும் அருமை. இன்னும் நூறு நிகழ்ச்சி செய்திருந்தாலும் அது எனக்குத் தெரிந்திருக்காது. திரும்பக் கேட்டதில் தெரிந்தது.

சுடோகுவில் திரும்பக் கேட்பது என்றால் இதுதான். முட்டி நிற்கும் இடத்தில் கைப்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்வோம். விடைப்பக்கம் பார்க்கலாம், ஆனால் ஒரே ஒரு கட்டத்தை மட்டும். பார்த்தபின் அந்த எண் அங்கேதான் என்று நமக்கு எப்படித் தெரிந்திருக்கவேண்டும் என்று படத்தை வைத்துக்கொண்டு தேடவேண்டும். சில நாள் அதற்கே அரை மணி போகும். புதிரை முடிக்கவே வேண்டாம். செயலியின் துப்புப் பொத்தானை நான் அழுத்துவதில்லை. என்னுடையது எண்ணை நிரப்பிவிட்டுப் போய்விடுகிறது, காரணம் சொல்வதில்லை. காரணம் சொல்லும் செயலிகளும் உண்டு, வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து வாங்குங்கள்.

அக்கா மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். கணிதத்தில் ஓராண்டாக 70ஐச் சுற்றியே நிற்கிறான். அக்கா நான்காவது பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும், மூடவில்லை. பழைய மூன்று புத்தகத்திலும் அவன் விட்டுவிட்ட கணக்குகளுக்கு மட்டும் வட்டம் போட்டோம். 40 வட்டத்தில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. மிச்சத்தின் பின்னம் கேட்கும் கணக்குகள். மொத்தத்தில் பின்னம் எடுக்கிறான், மிச்சத்தில் எடுக்கவேண்டும் என்று உறைக்கவில்லை. நான்காவது புத்தகம் இன்னும் நெகிழித் தாளில்தான் இருக்கிறது. அவன் மதிப்பெண் என்ன ஆயிற்று என்று இப்போதே கேட்காதீர்கள், தேர்வு இன்னும் வரவில்லை.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். சுடோகு ஆடினால் மறதி வராது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஆண்டு முழுக்கச் சுற்றுகிறது. அம்மா ஆடத் தொடங்கியதே அப்படி ஒரு பேச்சைக் கேட்டுத்தான். எந்தப் புதிரைப் பழகுகிறோமோ அந்தப் புதிரில் தேறுகிறோம், அதுவரை உறுதி. அதற்கு மேல் மூளைக்கே காப்புக் கவசம் என்று விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலி நினைவிருக்கலாம். முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்ற அதன் விளம்பரங்களுக்குப் போதிய அறிவியல் சான்று இல்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்ட, 2016 ஜனவரியில் அந்த நிறுவனம் 2 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

இந்த நம்பிக்கையின் மறுபக்கம்தான் அம்மாவை அரித்துக்கொண்டிருந்தது. ஆடினால் மறதி வராது என்றால், ஆட முடியவில்லை என்றால் மறதி வந்துவிட்டது என்றுதானே பொருள்? ரத்த அழுத்தத்துக்காகப் பலதுறை மருந்தகத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மருத்துவரிடம் அம்மா இதைக் கேட்கத் தயங்கினார், நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சில கேள்விகள் கேட்டார், ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பிறகு, முன்பு செய்ய முடிந்த எதையாவது இப்போது செய்ய முடியவில்லையா என்று கேட்டார். கட்டணம் கட்டுவது, பழகிய வழியில் போய்வருவது, மருந்தை இருமுறை போட்டுக்கொள்வது, இப்படி. அம்மா யோசித்துவிட்டு இல்லை என்றார். சனிக்கிழமைச் சுடோகு? அது முன்பும் வந்ததில்லையே.

அந்தக் கேள்வியை அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். முன்னாடி வந்ததா, வரலையா? பெரியம்மாவுக்குப் பூக்கட்ட வரும், இப்போது வரவில்லை. அம்மாவுக்குச் சனிக்கிழமைப் புதிர் எப்போதுமே வந்ததில்லை. கையில் இருந்தது போவதும் கைக்கு இன்னும் வராததும் வேறு வேறு என்று அவருக்கு நான் சொல்லியிருக்கவேண்டும், அந்த முதல் சனிக்கிழமையே. குளிக்கப் போய்விட்டேன்.

ஏழாவது வாரம் அம்மா முதன்முறையாக ஒரு சனிக்கிழமைப் புதிரை முடித்தார். காலையில் கொஞ்சம், மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு கொஞ்சம், நாடகத்துக்கு விளம்பரம் போகும் நேரத்தில் கொஞ்சம். மொத்தம் இரண்டு மணி நேரம் இருக்கும். முடித்துவிட்டுப் பென்சிலில் போட்டதையெல்லாம் அழித்து, பேனாவில் மறுபடி எழுதினார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் முடிக்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும். இப்போது புதிதாக ஒரு சுவர். ஓர் எண்ணுக்கு ஒரு வரிசையில் இரண்டே இடம், தூரத்தில் இன்னொரு வரிசையிலும் இரண்டே இடம், நான்கும் செவ்வகத்தின் நான்கு மூலை போல் நேருக்கு நேர் அமைந்துவிட்டால், அந்த இரண்டு நெடுவரிசையிலும் வேறெங்கும் அந்த எண் வராது. ஒரு பெட்டிக்குள் பார்த்துப் பழகிய கண் இப்போது முழுப் பலகையையும் பார்க்கவேண்டும். அம்மா இதைப் புரிந்துகொண்டுவிட்டார். ஆனால் தானாகக் கண்ணில் படவில்லை.

போன சனிக்கிழமை எனக்குப் பணி. ரயில் காத்திப்பைத் தாண்டியபோது அம்மாவிடமிருந்து ஒரு படமும் குரல்பதிவும் வந்தன. பதிவை நின்றபடியே காதில் வைத்துக் கேட்டேன்.

“நாலு எங்க உக்காரும்னு சொல்லாத. எந்த ரெண்டு வரிசையப் பாக்கணும்னு மட்டும் சொல்லு.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிஷான் வரும் வரை பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.